பதினொன்றுக்கு நண்பகல்

எங்கள் பிர்னோவில்
பகல் பதினொன்றுக்கே பன்னிரண்டு முறை மணி அடிக்கும்.
முற்றுகையிட்டு வந்த ஸ்வீடன் தளபதி
நண்பகலுக்குள் நகரம் விழாவிட்டால் திரும்பிவிடுவேன் என்றானாம்.
கோபுரத்தில் எவனோ ஒரு மணி நேரத்தைத் திருடினான்.
சேனை மூட்டை கட்டியது.
கதையோ நிஜமோ,
கடிகாரமும் பொய் சொல்லும் என்று
இந்த ஊரில் யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தொண்ணூற்றொன்பதில் எனக்குப் பதினெட்டு.
சலவைக் கடைக்குக் கீழே நிலவறை,
ஈரச் சுவர், சோப்பு நெடி, தெருவில் பொறுக்கிய மானிட்டர்கள்.
அங்கிருந்தவர்களோடு ஏழு மாதம்
திரையில் மட்டும் பேசியிருந்தேன்,
துரு என்ற பெயரில்.
துருவை அவர்களுக்குப் பிடித்திருந்தது.
துரு விடிய விடிய விழித்திருப்பான்,
துரு பீற்றிக்கொள்ள மாட்டான்.
ஈயம் பற்றவைக்கும் கோலைப் பையில் போட்டுக்கொண்டு
ஒரு நாள் படியிறங்கினேன்.
ராதிம் நாற்காலியைத் திருப்பாமலே கேட்டான்:
"யாரோட காதலி?"

பெயரைச் சொன்னேன்.
நிரூபி என்றார்கள்.
அவன் கணினிக்குள்ளேயே நுழைந்து காட்டினேன், ஒன்பது நிமிடம்.
மின்விசிறிகள் மட்டும் பேசின.
பிறகு எனக்கொரு நாற்காலி கிடைத்தது,
முதுகு உடைந்தது.
நாற்காலியின் முதுகுதான்.

இப்போது உடைப்பதற்குச் சம்பளம்.
பல் வைத்தியத்துக்குக் காப்பீடு, கழுத்தில் புகைப்பட அட்டை.
அதில் துரு இல்லை.
வெந்துலா ஸ்கோபலோவா, முதுநிலை ஆலோசகர்.
நாற்பத்தொன்றில் சான்றிதழ்த் தேர்வு எழுதினேன்.
கண் திரையை விட்டு விலகுகிறதா என்று
ஆறு மணி நேரம் கேமரா பார்த்துக்கொண்டே இருந்தது.
கேள்விக்கு நான்கு விடை, ஒன்றைத் தொடு.
நான் திறந்த எந்தக் கதவும்
நான்கு விடைகளோடு வந்ததில்லை.

கோட்டுப் பையில் எப்போதும் ஒரு கடிதம்,
நாலாக மடித்தது, முத்திரை வைத்தது:
இந்தப் பெண்ணை உள்ளே நுழையச் சொன்னதே நாங்கள்தான்.
திருடனுக்கும் எனக்கும் நடுவே
அந்த ஒரு தாள்.
ஆஸ்த்ராவாவில், தண்ணீர் வாரியக் கிடங்கில்,
இரவு மூன்று மணிக்குப் பிடிபட்டேன்.
காவலர் ஹினெக் அதை இரண்டு முறை படித்தார்.
கீழே இருந்த எண்ணுக்கு அழைத்தார்.
பிறகு தன் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றினார்.
"இதுக்கெல்லாம் படிப்பு இருக்கா?"
இப்போது இருக்கிறது என்றேன்.

இந்த வசந்தத்தில் ஒரு மாநாடு.
வாசலில் நடத்தை விதிகள், சட்டமிட்டு.
பெண்கள் கழிவறைக்கு வரிசை!
இருபது வருடத்தில் முதல் முறை.
நின்றபடியே சிரித்துவிட்டேன்,
முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள்.

மேடையில் ராதிம். தலை நரைத்து, குரல் கனிந்து.
திரையில் பழைய படம்: நிலவறை, பெஞ்சில் ஆறு பையன்கள்.
"அன்று எங்களோடு ஒரு பெண்கூட இல்லை.
வெட்கப்படுகிறேன்."
கண் கலங்கியிருந்தது. உண்மையாகவே.
அரங்கம் எழுந்து கைதட்டியது.
நானும் எழுந்துவிட்டேன், பழக்கதோஷம்.

படத்தின் வலது ஓரத்தில்
வெட்டுப்பட்ட ஒரு முழங்கை.
அதையொட்டி மேசைமேல்
பற்றவைக்கும் கோல், புகையோடு.

ஒலிவாங்கி என் வரிசைவரை வந்தது.
அடுத்தவரிடம் தந்தேன்.
அன்றிரவு தொழில்முறைப்படி எழுதினேன்:
குறைபாடு இருக்குமிடம், பதினான்காவது படம், வலது ஓரம்.
மீண்டும் காணும் வழி, பெரிதாக்கிப் பார்க்கவும்.
தீவிரம்,
என்று போட்டுவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
நடுத்தரம் என்று எழுதினேன்.
சரிசெய்யத் தொண்ணூறு நாள் அவகாசம்,
அதுவரை வெளியே சொல்வதில்லை, அதுதான் எங்கள் வழக்கம்.
கையொப்பம்: துரு.

பதில் இல்லை.
இன்று எண்பத்தொன்பதாம் நாள்.
பெத்ரோவ் குன்றின் மேல் மணி அடிக்கத் தொடங்குகிறது.
பன்னிரண்டையும் எண்ணுகிறேன்.
கைக்கடிகாரத்தில் பதினொன்று.